விருந்தாளி முன் நீட்டிய கால்

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகளைப் பார்த்து நான் அதிகம் சொன்னது "காலை மடக்கு" என்பதுதான். வாய்ப்பாடுகூட அதற்கு அப்புறம்தான். தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அசதியில் காலை நீட்டிவிட்டால் போதும், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு முதுகில் கண் முளைத்துவிடும். "ஏலே, யாருக்கு நேரா காலை நீட்டுற? மடக்கு!" காமயகவுண்டன்பட்டியில் பாதிப் பேர் என் சத்தத்துக்குக் காலை மடக்கியவர்கள்தான். பெரியவர்களுக்கு நேராக நீட்டக் கூடாது, சாமி படத்துக்கு நேராக நீட்டக் கூடாது, வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் நீட்டவே கூடாது. இதையெல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. வலது கையால் சோறு சாப்பிடுவதைப் போலத் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த மரியாதையால் என் இடது கால் போகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். காலை நன்றாக நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் திராட்சை விவசாயி. ஓய்வு பெற்ற பிறகு காலையில் எங்கள் தோட்டத்துக்கு நடந்து போய் வருவதுதான் எனக்குச் சம்பளமில்லாத உத்தியோகம். ஒரு வருசம் கொடியைக் கவாத்து வெட்டி, புதுப் பிஞ்சு இறங்கிய நேரத்தில் இடது கெண்டைக்கால் பிடிக்க ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் நடந்தால் நாய் கவ்வியதுபோல் கவ்வும். நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால் மறுபடி கவ்வும். நான் நோவில் நிற்கிறேன் என்று யாருக்கும் தெரியக் கூடாதே! பந்தலைத் தாங்குகிற கல்தூணைப் பிடித்துக்கொண்டு, குலையை ஆராய்கிறவள்போல் அண்ணாந்து நிற்பேன்.

"காயக் கண்ணாலயே பழுக்க வச்சுருவ போலயே டீச்சரு" என்பார் அவர். கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலிக்குச் சொன்னது, பிறகு அதுவே பேராகிப்போனது.

சர்க்கரை எனக்குப் பல வருசமாக உண்டு. செருப்பு உரசிக் கட்டைவிரலில் வந்த புண் ஆறவில்லை. அப்போதுதான் மனுசர் பிடிவாதமாக என்னை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தொடையிலிருந்து காலுக்கு இறங்குகிற ரத்தக்குழாய் அடைத்துக் கிடக்கிறது என்றார் டாக்டர். என் காலிலிருந்தே ஒரு நரம்பை எடுத்து, அடைப்பைச் சுற்றி ஒட்டி, ரத்தத்துக்கு மாற்றுப் பாதை போட வேண்டும். கால் பைபாஸ். "தேனிக்குள்ள நுழையாமப் போறதுக்கு ரோடு போட்டுருக்காகளே, அது மாதிரித்தான் டீச்சரு" என்று அவர் எனக்கு விளக்கினார். எனக்கு விளங்காதாம்! ஊரில் யாரும் நம்பவில்லை. பைபாஸ் என்றால் நெஞ்சுக்குத்தானே என்று, பேசிக்கொண்டிருக்கும்போதே என் நெஞ்சைப் பார்ப்பார்கள்.

ஆபரேசன் நன்றாக முடிந்தது. செத்த மீன்போல் சில்லென்று கிடந்த பாதம் மறுநாளே சூடாக இருந்தது. தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு கால் வீங்கியது. சும்மா வீக்கமா? கணுக்கால் எலும்பு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும்.

பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அங்கே ஒரு சிஸ்டர் பொறுமையாகச் சொன்னாள். "அம்மா, ரொம்ப நாள் காஞ்சு கிடந்த கால்ல திடீர்னு ரத்தம் பாயுது. அறுத்த இடத்துல நீர் வடியுற வழியும் கொஞ்சம் அடிபட்டிருக்கும். வீங்கத்தான் செய்யும், போகப் போக வத்தும். கால் சில்லுன்னு ஆனாலோ, நிறம் மாறினாலோ, வலி தாங்க முடியலைன்னாலோ உடனே வந்துரணும். மத்தபடி, நடங்க. நடக்காத நேரம் காலை நெஞ்சுக்கு மேல தூக்கி வைங்க. ரெண்டுக்கும் நடுவுல காலைத் தொங்கப் போட்டு உக்காரவே கூடாது." இறுக்கிக் கட்டலாமா என்று கேட்டதற்கு, ரத்த ஓட்டத்தை அளந்து பார்த்து டாக்டர் சொன்னால்தான் கட்டலாம் என்றாள். எருக்க இலை, நொச்சி இலை, பார்லிக் கஞ்சி என்று ஊர் சொன்ன வைத்தியத்தையெல்லாம் அன்றே தள்ளி வைத்தேன். சிஸ்டர் சொன்னதுதான் வேதவாக்கு. கூடத்தில் கட்டிலைப் போட்டு, தலையணைகளை அடுக்கி, காலை மேலே ஏற்றிப் படுத்தேன்.

பிறகுதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

நோவு கண்ட வீட்டுக்குப் போய்ப் பார்க்காவிட்டால் எங்கள் பக்கம் அது பெரிய குற்றம். ஒவ்வொரு டவுன் பஸ்ஸுக்கும் ரெண்டு பேர் இறங்குவார்கள். ஆப்பிள், ரொட்டி, சத்துமாவு டப்பா. பழைய பிள்ளைகள் பேரன் பேத்தியோடு வருவார்கள். மாதாகோயில் சபையில் இருக்கிற பெண்கள் கூட்டமாக வருவார்கள். வந்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தங்கள் கர்ப்பப்பை ஆபரேசனிலிருந்து தங்கள் மாமனார் செத்தது வரைக்கும் சொல்லி முடித்துத்தான் எழுந்திருப்பார்கள். "பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்னு சும்மாவா சொன்னாக" என்றாள் ஒருத்தி. எனக்கு எப்படி இருந்திருக்கும்? "என் குடி கெடல ஆத்தா, நல்லாத்தான் இருக்கு. காபியைக் குடிச்சுட்டுக் கிளம்பு" என்றேன்.

மறுபரிசோதனைக்கு மதுரை போனபோது டாக்டர் முகம் சரியில்லை. கெண்டைக்கால் தையல் ஓரத்தில் வாய் திறந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

"காலைத் தூக்கி வைக்கிறீங்களா அம்மா?"

"நாள் பூரா தூக்கித்தான் வச்சிருக்கேன் டாக்டர்" என்றேன். அவர் வீக்கத்தை விரலால் அமுக்கி, விழுந்த குழியைக் காட்டினார்.

"உள்ளே ரத்தம் நல்லா ஓடுது. ஆனா வீக்கம் தையலை இழுத்துப் பிரிக்குது. இந்த வழியா கிருமி போய்ப் புதுக் குழாயைத் தொட்டா, நான் வச்சதை நானே எடுக்க வேண்டியதாப் போகும். அப்புறம் காலைக் காப்பாத்துறது கஷ்டம். அடுத்த தடவை வரும்போது வீக்கம் வத்தியிருக்கணும்."

திரும்பி வருகிற வழியில், ஆண்டிபட்டி கணவாயில் கார் ஏறும்போது அழுதுவிட்டேன். காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயம்தான். தோட்டத்துக்குள் சக்கர நாற்காலி போகாது. பந்தலுக்கடியில் ஒற்றைக் காலோடு நிற்கிற என்னை நினைத்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் பார்க்கிறானே என்ற வெட்கம்கூட எனக்கு அன்று வரவில்லை.

அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு உத்தமபாளையத்தில் கல்யாணம். தெருவே வேன் ஏறிப் போய்விட்டது. எங்கள் வீட்டுக் கேட்டைத் திறக்க அன்று ஒரு ஆள் இல்லை. சாயங்காலம் கட்டு மாற்ற வந்த என் வீட்டுக்காரர் கத்தினார்.

"ஏய் டீச்சரு! கணுக்கால் தெரியுதுடீ!"

பார்த்தேன். ஆமாம், தெரிந்தது. எத்தனையோ நாளாகப் பார்க்காத சொந்தக்காரர்போல் எலும்பு எட்டிப் பார்த்தது. மறுநாள் தெரு முழுவதும் தாம்பூலப் பையோடு என்னைப் பார்க்க வந்தது. பெண்ணின் நகை, சாப்பாட்டில் உப்பு, மாப்பிள்ளையின் உயரம் எல்லாம் பேசி முடித்துப் போன பிறகு பார்த்தால், எலும்பைக் காணோம்.

அவர்தான் கண்டுபிடித்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தவர், எழுந்து வாசலுக்குப் போய், கேட்டை வேண்டுமென்றே கிரீச்சென்று திறந்தார். நான் சட்டென்று காலை இறக்கித் தரையில் வைத்தேன்.

"பாத்தியா? கேட்டுச் சத்தத்துக்கு உன் காலு தானா இறங்குது. வந்தவுக போற வரைக்கும் தொங்கிக்கிட்டே கிடக்கு. காலைல இருந்து பொழுதடையிற வரைக்கும் ஆளு வந்துக்கிட்டே இருந்தா, நீ எப்படீ தூக்கி வச்சிருக்க?"

ஐயோ ஆண்டவரே! டாக்டரிடம் நான் பொய் சொல்லவில்லை. காலை இறக்குவது எனக்கே தெரியவில்லை. ஒரு ஊர் மொத்தத்தையும் மடக்க வைத்த வாய் என் காலையும் மடக்க வைத்திருக்கிறது.

வருகிறவர்களை வராதீர்கள் என்று சொல்ல முடியாது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சரி, யாருக்கும் நேராக இல்லாமல் காலை வேறு பக்கம் திருப்பலாம் என்று கட்டிலைத் திருப்பினோம். வாசல் பக்கம் நீட்டினால் வருகிறவர் முகத்துக்கு நேர். கிழக்கே நீட்டினால் சுவரில் திருஇருதய ஆண்டவர் படம். மேற்கே என் மாமியாரின் மாலை போட்ட போட்டோ.

"மேற்க நீட்டு" என்றார் அவர்.

"அத்தைக்கு நேராவா?"

"எங்க ஆத்தா உசுரோட இருந்தப்பவே உன் வாயத் தாங்குனாக. செத்த பொறகு காலத் தாங்க மாட்டாகளா?"

சிரித்துச் சிரித்துத் தையல் வலித்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பங்குச் சாமியார் வீட்டுக்கே நற்கருணை அப்பம் கொண்டுவந்தபோது, வழக்கம்போல் காலை இறக்கப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "டீச்சர், சீடர்களோட காலைப் பிடிச்சுக் கழுவினவரைத்தான் கொண்டு வந்திருக்கேன். உங்க காலைப் பாத்து அவரு கோவிச்சுக்குவாரா?" படுத்தபடியே, காலை அவருக்கு நேராக நீட்டியபடியே வாங்கினேன். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அன்றிலிருந்து கேட்டுச் சத்தம் கேட்டால் தலையணையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். யார் வந்தாலும், "இப்படித்தான் படுத்திருப்பேன், டாக்டர் உத்தரவு, உக்காருங்க" என்றேன். முகம் சுளித்தவர்களும் உண்டு. சுளிக்கட்டும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

ஆண்டவர் சம்மதித்துவிட்டார். சம்பந்தி சம்மதிக்க வேண்டுமே!

என் மகளின் மாமனார் வருசநாட்டுக்காரர். இலவமரத் தோப்பு வைத்திருக்கிறார். மனைவியை இழந்தவர், மரியாதையில் கறார். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் தன் தம்பிக்கு முன்வரிசையில் நாற்காலி போடவில்லையென்று சாப்பிடாமல் எழுந்துபோனார். சமாதானம் செய்து கூட்டி வருவதற்குள் ரசம் ஆறிவிட்டது. அவர் என்னைப் பார்க்க வருகிறார் என்று மகள் போன் செய்தாள்.

"அம்மா, மாமா இருக்கிற வரைக்கும் மட்டும் காலை இறக்கி வச்சுக்கம்மா. அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக. ஆனா மனசுல வச்சுக்குவாக. பொறகு இங்கன நான்தான் அவுக முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

"டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும்ல?"

"ஒரு நாள்தானம்மா."

எல்லோருக்கும் ஒரு நாள்தான். அப்படி ஒவ்வொரு நாளாகத்தான் தையல் பிரிந்தது. போனை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். என் மகளுக்காகக் காலைக் கொடு என்றால் கொடுப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு நாற்காலி மரியாதைக்காகக் கொடுக்க மாட்டேன்.

அவர் தனியாக, பஸ்ஸில்தான் வந்தார். குதிகால் வரைக்கும் வெள்ளை வேட்டி, கையில் ஒரு பெரிய துணிப்பை. கேட்டைத் திறந்தவர் உடனே உள்ளே வரவில்லை. எங்கள் முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். வீட்டை எடை போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் உள்ளங்கால் அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

என் வீட்டுக்காரர் காபி போடுகிற சாக்கில் அடுப்படிக்கு ஓடிவிட்டார். எப்பேர்ப்பட்ட வீரர்!

சம்பந்தி பையிலிருந்து ஒரு தலையணையை எடுத்தார். "நம்ம தோப்புப் பஞ்சு. உங்க தலைக்கு வச்சுக்கங்க சம்பந்தியம்மா."

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. "தலைக்கு இருக்குண்ணே, காலுக்குத்தான் வேணும்" என்றேன். "ஏங்க, இங்கிட்டு வாங்க. அண்ணன் கொண்டு வந்ததைக் காலுக்கு அடியில வைங்க."

காபியோடு வந்தவர் சிலையாக நின்றார். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சம்பந்தி கொடுத்த தலையணையை, சம்பந்தி கண் முன்னாலேயே, என் குதிகாலுக்கு அடியில் செருகினார். நல்ல பஞ்சு. கால் அப்படியே அமுங்கி உட்கார்ந்தது. சம்பந்தி என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, மகள் கதி அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"நடந்தா கெண்டைக்கால் பிடிக்குமோ?" என்றார்.

"ஆமாண்ணே."

"நின்னா விட்டுருமோ?"

இந்தக் கேள்வியை அதுவரை வந்த ஊர் முழுவதிலும் யாரும் கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்றது. முருங்கை மரம் ஞாபகம் வந்தது. கல்தூணைப் பிடித்துக்கொண்டு குலை பார்த்தவளுக்கு, மரம் பார்க்கிறவரைத் தெரியாதா?

"அண்ணே, காலைக் காட்டுங்க."

"என்ன காலு? எனக்கு ஒண்ணுமில்ல."

"வேட்டியைத் தூக்கிக் காட்டுங்கண்ணே. இப்படி, எனக்கு நேரா நீட்டுங்க."

பொம்பளை முன்னால் எப்படி நீட்டுவது என்று தயங்கினார். பிறகு என் உள்ளங்காலை இன்னொரு தடவை பார்த்தார். மெதுவாக வேட்டியை ஒதுக்கி வலது காலை நீட்டினார். சுண்டுவிரலில் துணி சுற்றியிருந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து அவிழ்த்தார். விரல் கன்னங்கரேலென்று இருந்தது.

"யாருகிட்டயும் சொல்லல. உங்க மருமகப்பிள்ளைக்குக்கூடத் தெரியாது" என்றார். அதுவரை சம்பந்தியம்மா என்று கூப்பிட்டவர் குரல் இறங்கிப்போய்ச் சொன்னார். "பயமா இருக்கு தங்கச்சி. வெட்டிருவாகளோன்னு."

"வெட்டுற வரைக்கும் வீட்டுல வச்சிருந்தா வெட்டத்தான் செய்வாக" என்று கத்தினேன். பாவம், அவரிடம் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் எனக்கு வேறு விதமாகப் பிரியம் காட்டத் தெரியாது. அன்றைக்கே மதுரைக்குப் போன் போட்டு, மறுநாள் காலையில் ஒரே காரில் இரண்டு பேரும் போனோம். பின்சீட்டில் நான் குறுக்காகக் காலை நீட்டிக்கொண்டேன். முன்சீட்டில் அவர், ஜன்னலைப் பார்த்தபடி செபமாலை உருட்டிக்கொண்டே வந்தார்.

அவருக்கும் அடைப்புதான். நல்லவேளை, நேரத்துக்கு வந்தீர்கள் என்றார் டாக்டர். என் காலைப் பார்த்துவிட்டு, "இப்பத்தாம்மா நிஜமாத் தூக்கி வச்சிருக்கீங்க" என்றார். தையல் ஒட்டியது. பிறகு கணுக்காலில் ரத்த ஓட்டத்தை அளந்து பார்த்து, என் அளவுக்கு ஒரு இறுக்கக் காலுறை கொடுத்தார்கள். தினமும் காலையில், கால் தரையில் படுவதற்கு முன்னால், என் வீட்டுக்காரர்தான் அதை மாட்டிவிடுகிறார். மாட்டி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் வேர்த்துவிடும்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கெண்டைக்காலில் ஒரு இடம் இன்னும் மரத்துக் கிடக்கிறது. கோயிலில் தரையில் உட்கார முடிவதில்லை. வெயில் நாளில் சாயங்காலம் லேசாக வீங்கும். தூக்கி வைத்தால் விடிவதற்குள் வற்றிவிடும். ஆனால் தோட்டத்தில் எந்தக் கல்தூணையும் பிடிக்காமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கிறேன். நின்றால் நிஜமாகவே குலை பார்க்கத்தான் நிற்கிறேன்.

சம்பந்தி ஆபரேசன் முடிந்து வீடு திரும்பியதும் அவரைப் பார்க்க வருசநாடு போனேன். விரல் ஒன்று போயிற்று, கால் தப்பியது. கார் வேண்டாமென்று பஸ்ஸில் போய் இறங்கி, மேட்டுத் தெருவில் அவர் வீடு வரைக்கும் நானே நடந்தேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. உள்ளே கூடம் நிறைய ஆட்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள், அந்த முன்வரிசைத் தம்பி எல்லோரும் இருந்தார்கள். நடுவில் கட்டிலில், தலையணை மேல் காலை ஏற்றி அவர் படுத்திருந்தார். வாசலில் சம்பந்தியம்மாவைப் பார்த்ததும் பதறிப்போய்க் காலைக் கீழே இறக்கினார்.

பள்ளிக்கூடத்தில் பேசிய அதே குரல் என் தொண்டையில் வந்து நின்றது.

"அண்ணே! காலை நீட்டுங்க!"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் அடுப்படி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவர், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையைப்போல், காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்தார். நான் ஒரு நாற்காலியை இழுத்து, அவர் உள்ளங்காலுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

அவர் என் காலைப் பார்த்தார். அது நாற்காலியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆத்தா" என்று என் மகளைக் கூப்பிட்டார். "உள்ள இருந்து ஒரு ஸ்டூலும் தலையணையும் எடுத்துட்டு வா. உங்கம்மா நடந்து வந்திருக்காக, காலை நீட்டட்டும்."